பச்சை எரிந்தால் போதும்

செப்டம்பர் 29, திங்கள்

பல் டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. "மனசுல எதையோ போட்டு மெல்லுறீங்க தம்பி, படுக்கறதுக்கு முன்னாடி எழுதிவச்சிட்டுப் படுங்க" என்றார். என் மனசில் ஒன்றும் இல்லை. என்னைச் சுற்றி இருப்பவர்கள் மெதுவாக இருக்கிறார்கள், அவ்வளவுதான் வியாதி.

நான் பயோமெடிக்கல் இன்ஜினியர். இந்த ஊரில் இதைச் சொன்னால் ஏசி ரிப்பேரா என்று கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிற அத்தனை மெஷினுக்கும் நான் ஒருவன்தான். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம்.

இன்றைக்கு ஆண்கள் வார்டு டிஃபிப். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு ஷாக் கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவருகிற பெட்டி அது. எங்களிடம் இருப்பதில் இதுதான் பழைய மாடல்; கைப்பிடிக்குக் கீழே கடுகளவில் ஒரு பச்சை விளக்கு, அது எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். பேட்டரியும் கிழடு. புதுசு கேட்டு எழுதிக் கொடுத்து மழைக்காலம் வந்துவிட்டது, பேட்டரி வரவில்லை. இந்த லட்சணத்தில் ஒரு சிஸ்டர் காலைச் சோதனை என்று திருகிக் குமிழை உடைத்துவைத்திருக்கிறார். பேப்பர் ரோல் முழுக்க வெளியே தொங்குகிறது.

குமிழை மாற்றினேன். வார்டு சிஸ்டர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன்: காலையில் பச்சை எரிகிறதா பாருங்கள். எரிந்தால் போதும். வேறு எதையும் தொடாதீர்கள். தினமும் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டி, ஷாக் சோதனை செய்யவேண்டும் என்று கம்பெனி புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் எழுதியவன் எங்கள் வார்டைப் பார்த்ததில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ஆம்புலன்ஸில் கட்டிய வாழைக்கன்று டிரைவரின் கண்ணை மறைக்கிறது. சொன்னேன். இன்னைக்கு ஒருநாள்தான சார் என்கிறான். விபத்து நாள் பார்த்தா வரும்?

நிர்வாக அலுவலர் உலகநாதனிடம் இன்னொரு சண்டை. ஏ.ஓ. என்றால் இங்கே டாக்டர்களே எழுந்து நிற்பார்கள். சூடத் தட்டை வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது, ஆக்ஸிஜன் ஓடுகிறது என்றேன். கொஞ்சம் முறைத்துவிட்டு இறங்கிவந்தார். "சரிப்பா மாதேஷு, நான் வாசல்லயே நின்னு காட்டிக்கிடுதேன். ஆனா பொட்டு நீதான் வைக்கணும். உன் ஆயுதம், உன் கை."

இங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு ஓடுகிற மெஷினைத் தொடுவதில்லை. சும்மா நிற்கிறவற்றுக்கு மட்டும் சுவிட்சை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, தட்டைக் காட்டி, பிறகு சுவிட்சைப் போடவேண்டும். பூஜை நேரத்தில் ஆயுதம் ஓய்வில் இருக்க வேண்டுமாம். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனேன். இதிலும் ஒரு முறை வேண்டும் என்று எல்லாப் பெட்டிக்கும் ஒரே இடம் வைத்துக்கொண்டேன்: கைப்பிடிக்குக் கீழே, நட்டநடுவில், நெற்றி மாதிரி. கட்டைவிரலால் ஒரே அழுத்து. அடுத்தது.

ஆண்கள் வார்டில் தட்டு காட்டிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து போன். ஏ.ஓ. காருக்குப் பூசணிக்காய் உடைக்க நேரமாகிறது, குறுக்கே என் பைக் நிற்கிறது. ஓடினேன். அப்புறம் ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர். மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

சி.டி. ஸ்கேன் அறை ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது. ஏசிக்காரன் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. நானே ஏணியில் ஏறினேன். ஏணியைப் பிடிக்கக் கூட ஆள் இல்லை.

ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஆண்கள் வார்டு சிஸ்டர் ஜெபசீலி மறித்தார். டிஃபிப்பில் பொட்டு விளக்கை மறைத்திருக்கிறது, ஒரு நிமிஷம் வந்து துடைத்துவிட முடியுமா என்றார். நீங்களே துடைக்க வேண்டியதுதானே, அதற்கு இன்ஜினியரா வேண்டும் என்றேன். "நீங்க துடைச்சா ஒண்ணுமில்ல சார். நான் துடைச்சா அது வேற பேச்சாயிரும்" என்றார். அவர் கழுத்தில் சின்னச் சிலுவை இருக்கிறது, அதைச் சொல்கிறார் போலிருக்கிறது. இதெல்லாம் ஒரு காரணமா? நாளைக்கு வருகிறேன் என்றேன்.

ஏசி சரியாகிவிட்டது. தோள்பட்டை வலி.

அக்டோபர் 4, சனி

தியேட்டர் விளக்கு. நாள் முழுக்க.

அக்டோபர் 8, புதன்

அய்யாத்துரை என்கிற பெரியவர் இறந்துபோனார். ஆண்கள் வார்டில் சர்க்கரைப் புண்ணுக்காகச் சேர்ந்தவர். மாவு மில் வைத்திருந்தவராம். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். டூட்டி டாக்டர் உடனே வந்துவிட்டார். டிஃபிப்பைத் திருகினால் திரை இருட்டாக இருக்கிறது. மாடியில் ஐ.சி.யூ.விலிருந்து வேறொன்றைக் கொண்டுவரச் சொல்லி ஆள் ஓடியிருக்கிறான். லிஃப்ட் எந்த மாடியில் நின்றதோ. அது வந்த பிறகு ஷாக் கொடுத்தார்கள். மூன்று முறை. திரும்பவில்லை.

நான் போனபோது திரையை இழுத்து மூடியிருந்தார்கள். அவருடைய மகள் டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார். டிபன் பாக்ஸ் உள்ளே இருந்தது.

பெட்டியைச் சோதித்தேன். பிளக் செருகித்தான் இருந்தது. அதனால்தான் அந்த அவசரத்தில் ஒருவரும் சுவிட்சைப் பார்க்கவில்லை. சுவிட்ச் மருந்து அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, கையை விட்டுத் தடவவேண்டும். அணைந்திருந்தது. போட்டேன். ஸ்பிரிட் பஞ்சால் பெட்டியைத் துடைத்தேன். இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு துடைத்துவைப்பது வழக்கம். துடைத்த பின் பச்சை எரிந்தது.

ஜெபசீலி சிஸ்டர் கட்டில் பக்கத்தில் நின்றபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9, வியாழன்

அறிக்கை கேட்டார்கள். கொடுத்தேன். 'சாதனத்தில் பழுது எதுவும் இல்லை. மின் சுவிட்ச் அணைந்த நிலையில் காணப்பட்டது.' இரண்டு வாக்கியம். இரண்டும் உண்மை. சுவிட்ச் போடாமல் இருந்தால் அந்தக் கிழட்டு பேட்டரி ஒரு வாரம் தாங்காது, அதையும் வாயால் சொன்னேன்.

இந்த ஆஸ்பத்திரியில் சுவிட்சை யார் வேண்டுமானாலும் அணைப்பார்கள். செல்போனுக்குச் சார்ஜ் போட வருகிற அட்டெண்டர்கள், தரை துடைக்கிறவர்கள், நோயாளியோடு வந்தவர்கள். போன வருஷமே மெயில் அனுப்பினேன். யார் படித்தார்கள்?

தாடை வலிக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

ஏ.ஓ. அறையில் விசாரணை. அவர், ஆஸ்பத்திரி வக்கீல் கோமதிநாயகம், நர்சிங் சூப்பரின்டென்டென்ட், நான், ஜெபசீலி. ஜெபசீலி மட்டும் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவில்லை என்பதே கடைசியில்தான் எனக்கு உறைத்தது.

வக்கீல் நிதானமான ஆள். குரலை உயர்த்துவதே இல்லை. அன்றைக்குக் காலையில் விளக்கு எரிந்ததா என்று ஜெபசீலியிடம் கேட்டார்.

"தெரியல சார்."

"எரியலையா?"

"எரிஞ்சுதா எரியலையான்னு தெரியல. அந்த இடம் மறைஞ்சு இருந்தது."

பெட்டியை மேசைமேல்தான் வைத்திருந்தார்கள். பளிச்சென்று இருந்தது. ஏ.ஓ. அதைப் பார்த்தார், ஜெபசீலியைப் பார்த்தார், எது மறைத்தது, மேகமா என்றார். சூப்பரின்டென்டென்ட் சிரித்தார். ஜெபசீலி என் பக்கம் திரும்பினார். என் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்டினேன்.

அப்புறம் வக்கீல் கம்பெனி புத்தகத்தைத் திறந்தார். தினமும் சோதனை செய்யவேண்டும் என்று இருக்கிறதே, செய்தீர்களா? இல்லை என்றார். ஏன்? தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது? பொதுவாகச் சொன்னதுதான் என்றார்.

அவரை அனுப்பிய பிறகு வக்கீல் என்னிடம் பேசினார். சட்டத்தில் ஊழியர் செய்த தப்புக்கு ஆஸ்பத்திரிதான் பொறுப்பு, அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. ஆனால் எப்படிப்பட்ட தப்பு என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது என்றார். "ஒரு நர்ஸ் கவனக்குறைவா இருந்தாங்கன்னா விஷயம் அவங்களோட நின்னுடும் தம்பி. இந்த ஆஸ்பத்திரி ஓடுற விதமே இதுதான்னு ஆச்சுன்னா, அது வேற. அது கட்டடத்தையே இழுத்துட்டுப் போயிரும். நீங்க அறிக்கை கொடுத்த மாதிரியே பேசுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில்." என் அறிக்கை சுருக்கமாக, சுத்தமாக இருந்ததாகப் பாராட்டினார்.

யாராவது என் எழுத்தைப் பாராட்டுவது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 13, திங்கள்

ஜெபசீலி சஸ்பெண்ட். நர்சிங் கவுன்சிலுக்கு எழுதி அவர் பதிவையே ரத்து செய்யச் சொல்லப்போவதாகப் பேச்சு. அது போனால் அவரால் எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசி போட முடியாது.

அய்யாத்துரையின் மகள் இசக்கிராணி புகார் கொடுத்திருக்கிறார். டவுனில் தையல் கடை வைத்திருக்கிறாராம். சுகாதாரத் துறையிலிருந்து அதிகாரி வந்து இருதரப்பையும் விசாரிக்கப் போகிறார், தீபாவளி கழிந்து.

பைக்கில் பிரேக் ஷூ மாற்றினேன்.

அக்டோபர் 15, புதன்

இரண்டு நாளாக ஒவ்வொரு வார்டாகப் போய்ச் சுவிட்ச் பார்க்கிறேன். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. பார்த்துவிட்டுப் படியிறங்கினால் மறுபடி சந்தேகம் வந்து ஏறுகிறேன். பெண்கள் வார்டில் எனக்கு 'சுவிட்ச் சார்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஒரு சிஸ்டர், "சார், எங்க வீட்டு மோட்டார் சுவிட்சயும் வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்கிறார்.

ஆண்கள் வார்டில் அன்றைக்குப் பூசணிக்காய்க்குக் கூப்பிடுவதற்கு முன் அந்தச் சுவிட்சைப் போட்டேன். போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கை அலமாரிக்குப் பின்னால் போன ஞாபகம் இருக்கிறது. அது அணைக்கப் போனதா, போடப் போனதா? கை ஒருதடவை போனதுதான் ஞாபகம் இருக்கிறது.

மற்ற மெஷின்களில் இருந்த பொட்டுகளையெல்லாம் துடைத்துவிட்டேன். காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிட்டது, நகத்தால் பெயர்க்கவேண்டியிருக்கிறது. துடைத்துக்கொண்டிருக்கும்போது ஏ.ஓ. வந்துவிட்டார். என்னப்பா, எல்லாத்தையும் அழிக்கே என்றார். அழுக்கு சேர்கிறது சார் என்றேன். நல்லது என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ஜெபசீலி சிஸ்டரின் குடை வார்டு கொக்கியில் தொங்கியது. மழைக்காலம், தேவைப்படுமே என்று சமாதானபுரத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மத்தியானம்தான். வாசலில் நின்று குடையை வாங்கிக்கொண்டார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னேன்.

"நான் உங்ககிட்ட சொன்னத சொல்லச் சொல்லி வந்தீங்களா சார், இல்ல சொல்லிராதீங்கன்னு சொல்ல வந்தீங்களா?"

தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

அவரே பேசினார். போன வருஷம் பூஜை முடிந்து ஒரு பயிற்சி நர்ஸ், அவளும் சர்ச்சுக்குப் போகிற பெண், பி.பி. மெஷினில் ஒட்டியிருந்த பொட்டைத் துடைத்திருக்கிறாள். எண் தெரியவில்லை என்றுதான். ஏ.ஓ. அவளைப் பூஜை அறைக்குக் கூட்டிப்போய் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைத்தாராம். அந்தப் பெண் மறுவாரமே வேலையை விட்டுவிட்டாள்.

"இப்ப நான் பொட்டுன்னு வாயத் திறந்தா பேப்பர்ல என்ன வரும்? ஆளு செத்ததுக்கு சாமி பொட்டக் குத்தம் சொல்லுதா பாருன்னு வரும். எம் பிள்ளைக இதே ஊர்லதான் சார் படிக்கணும். அதான் நான் சொல்லல."

அப்புறம் அறைக்குள் பார்த்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க சொல்லுவீங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். நீங்க குனிஞ்சுட்டீங்க" என்றார்.

நான் ஷூ லேஸ் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன்.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. நான்தான் கேட்டைச் சாத்திவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊருக்குப் போகவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். டிக்கெட் போடவே இல்லை. ஆண்கள் வார்டுக்குப் போய்ச் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 22, புதன்

வக்கீல் ஒத்திகை நடத்தினார். அவரே அதிகாரியாகக் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். மெஷின் நல்ல நிலையில் இருந்ததா? இருந்தது. சுவிட்ச்? அணைந்திருந்தது. தினசரிச் சோதனை யார் வேலை? வார்டு வேலை. பிரமாதம் என்றார்.

அவரிடம் ஒன்று கேட்டேன். சோதனை செய்யவேண்டாம் என்று வார்டுக்கு யாராவது சொல்லியிருந்தால்? வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "யாராவது சொன்னாங்களா?" என்றார். சும்மா கேட்டேன் என்றேன். "சும்மா கேக்கறதையெல்லாம் இன்னைக்கே கேட்டு முடிச்சிருங்க தம்பி. நாளைக்கு வேண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் வேலையை அவர் சரியாகச் செய்கிறார். இந்தக் கட்டடத்திலேயே தன் வேலையைச் சரியாகச் செய்கிற ஒரே ஆள் அவர்தானோ என்று தோன்றுகிறது.

அக்டோபர் 23, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கே மாறிப்போகும்.

கான்பரன்ஸ் ஹாலில்தான் விசாரணை. அதிகாரி ஒரு டாக்டரம்மா, ஓய்வுபெறும் வயது, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிறார். ஒருபுறம் இசக்கிராணியும் அவர் கணவரும். எதிர்ப்புறம் நாங்கள். ஜெபசீலிக்கு எங்கள் பக்கத்தில் கடைசி நாற்காலி, நடுவில் ஒரு நாற்காலி காலி.

டூட்டி டாக்டர் சொன்னார், சூப்பரின்டென்டென்ட் சொன்னார். ஜெபசீலியைக் கேட்டபோது அன்று சொன்னதையே சொன்னார். விளக்கு தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்றால் பதில் இல்லை. இசக்கிராணியின் கணவர் குரலை உயர்த்தினார். ஒரு லைட்டைப் பார்க்கத் தெரியாத ஆளிடமா எங்கள் மாமாவை விட்டுவிட்டுப் போனோம் என்றார். ஜெபசீலி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிராணி கணவரின் கையைப் பிடித்து அடக்கினார்.

என் முறை. மெஷின் நல்ல நிலையில் இருந்ததா? இருந்தது. சுவிட்ச்? அணைந்திருந்தது. ஒத்திகை போலவே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் டாக்டரம்மா ஒத்திகையில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார். சிரமமான கேள்வியே இல்லை. "நீங்க போய்ப் பார்த்தப்போ அந்த லைட்டு எப்படி இருந்துச்சு தம்பி?"

"தெரியலைங்க மேடம்" என்றேன். "அதுமேல பொட்டு இருந்துச்சு."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"என்ன பொட்டு?"

"ஆயுத பூஜைக்கு வச்சதுங்க. நான்தான் வச்சேன். லைட் இருக்கற இடத்தைப் பார்க்காம வச்சிட்டேன். பூஜைக்காக சுவிட்சை அணைச்சதும் நான்தான். திரும்பப் போட்டனான்னு எனக்கு உறுதியா சொல்ல முடியல. போடலைன்னுதான் நினைக்கறேன்."

கோமதிநாயகம், தம்பி கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள் என்றார். அவருடைய சத்தம் அப்போதும் உயரவில்லை.

"இவங்க மூணாம் தேதியே பொட்டைத் துடைச்சு விடுங்கன்னு என்கிட்ட சொன்னாங்க. நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு நான் போகல. டெஸ்ட் பண்ண வேண்டாம், பச்சை எரிஞ்சா போதும்னு வார்டுக்குச் சொன்னதும் நான்தான். அவர் இறந்த அன்னைக்குப் பொட்டைத் துடைச்சதும் நான்தான்."

அதை ஏன் துடைத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், இப்போது புரட்டிப் பார்த்தேன். "தெரியக் கூடாதுன்னு துடைச்சேன்" என்றேன்.

ஏ.ஓ. எழுந்தார். பூஜையை யாரும் குற்றம் சொல்லக் கூடாது, இது எங்கள் நம்பிக்கை என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா அவரைப் பார்க்காமலே சொன்னார்: "எங்க ஆபீஸ்லயும் பூஜை போட்டோம் சார். நானும் பொட்டு வச்சேன். இங்க கேள்வி அது இல்ல. ஒரு நர்ஸ் இது மறைக்குதுன்னு பார்த்திருக்காங்க. பார்த்தவங்க கையாலயே அதைத் துடைக்க இந்த ஆஸ்பத்திரியில ஏன் முடியல? அதைச் சொல்லுங்க."

ஏ.ஓ. உட்கார்ந்தார்.

அப்போதுதான் இசக்கிராணி பேசினார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சுவிட்ச் போட்டிருந்தா எங்க அப்பா இருந்திருப்பாரா?"

அதை யாராலும் சொல்ல முடியாது என்று டூட்டி டாக்டர் இடையில் வந்தார். வக்கீலும் தலையசைத்தார். உண்மைதான். ஷாக் உடனே கொடுத்தும் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இசக்கிராணி டாக்டரைக் கேட்கவில்லை.

"மெஷின் வேலை செஞ்சிருக்கும்" என்றேன். "அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்கக்கா."

அவர் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சரி என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. துணி அளவைக் கேட்டு மனசில் குறித்துக்கொள்கிற மாதிரி.

அக்டோபர் 24, வெள்ளி

வேலை போய்விட்டது. நிறுவனத்தின் நெறிமுறைக்கு மாறாகத் தன்னிச்சையாகச் செயல்பட்டேன் என்று கடிதம். நெறிமுறை என்று ஒன்று இருந்ததே இதைப் படித்துத்தான் தெரிகிறது.

வக்கீல் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். கோபம் இல்லை. இசக்கிராணி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவார், அதில் ஆஸ்பத்திரியோடு என் பெயரும் இருக்கும், போலீஸிலும் கூப்பிடலாம், சொந்தமாக வக்கீல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தன்னால் முடியாது, தான் எதிர்த்தரப்பு என்றார். பிறகு இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி, "அந்த அம்மா பதிவு தப்பிச்சிரும்" என்றார்.

ஜெபசீலிக்குப் போன் செய்தேன். எடுத்தார். விஷயம் தெரியும் என்றார். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "அன்னைக்கு ஏ.ஓ. ரூம்லயே சொல்லியிருக்கலாம்லா சார். நான் பதினாலு நாளு தூங்கல" என்றார்.

சாரி என்றேன். சரி வைக்கட்டுமா என்றார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போனால், எழுதியும் பிரயோஜனம் இல்லை, பாதியை விட்டுவிட்டு எழுதினேன் என்று சொல்லவேண்டும்.

நவம்பர் 3, திங்கள்

அடையாள அட்டையும் அலமாரிச் சாவியும் ஒப்படைக்கப் போனேன். என் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

ஆஸ்பத்திரி முழுக்கப் புது ஏற்பாடு. ஒவ்வொரு மெஷினிலும் சிவப்பு ஸ்டிக்கர், 'நோயாளி பாதுகாப்பே எங்கள் முதற்கடமை' என்று பெரிய எழுத்தில். ஏ.ஓ. பிரஸ்ஸில் சொல்லி அடித்து வரவழைத்து, நேற்று ஆள் விட்டு ஒட்டியிருக்கிறார். ஒட்டியவனும் ஒரு முறை வைத்துக்கொண்டிருக்கிறான். எல்லாப் பெட்டிக்கும் ஒரே இடம். கைப்பிடிக்குக் கீழே, நட்டநடுவில்.

ஆண்கள் வார்டு வழியாகப் போகவேண்டிய அவசியமில்லை. போனேன். ஜெபசீலி சிஸ்டர் இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கையில் கொடுத்துத்தான் சேர்த்துக்கொண்டார்களாம். டிஃபிப் முன்னால் நின்று அந்த ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. பின்னால் சூப்பரின்டென்டென்ட், "சிஸ்டர், அது ஏ.ஓ. ஒட்டச் சொன்னது. கேட்டுட்டு எடுங்க" என்றார்.

நான் வாசலில் நின்றேன். உள்ளே போய் உரித்துக் கொடுக்கலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது. அட்டை கையில் இருந்தது, கழுத்தில் இல்லை.

அவர் யாரையும் கேட்கவில்லை. ஒரே இழுப்பில் முழுசையும் உரித்து, சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். பிளக்கைப் பிடுங்கினார். குமிழைத் திருகி, சார்ஜ் ஏற்றி, சோதனை ஷாக் கொடுத்தார். பேப்பர் சரசரவென்று வெளியே வந்தது. கிழித்துப் படித்தார். பிளக்கை மறுபடி செருகினார். பச்சை எரிந்தது, நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

அப்புறமும் அவர் போகவில்லை. குனிந்து, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, சுவிட்சைத் தடவிப் பார்த்தார்.